4,860 பாக்கி: நேர்ச்சையை முடிக்க முடியாமல் போன ஒரு சகோதரிக்கு

கோயம்புத்தூரிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில், மாலை மணி அடித்ததும் வீட்டு வாசலில் பாய் விரித்துச் செபமாலை சொல்லும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் ஏழெட்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மகன் பதினொன்றாம் வகுப்பு, மகளுக்கு 13 வயது. இவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வர முடியும். ஞாயிறும் வேலை உண்டு, வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. 76 வயது மாமியார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பக்கவாதத்தால் விழுந்து, அன்றிலிருந்து படுக்கையில் இருக்கிறார். மாமியார் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரவில், அவர் பிழைத்தால் ஓராண்டு முழுவதும் நாள்தோறும் 153 மணி செபமாலை சொல்வதாக இவர் நேர்ந்துகொண்டார். மாமியார் பிழைத்தார். நேர்ச்சை 41 நாள் நடந்தது, பிறகு நின்றுவிட்டது. மீதி 324 நாள், நாளொன்றுக்கு 15 மறையுண்மைகள் (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகளைத் தியானித்து, பத்துப் பத்து மணியாகச் சொல்லும் பகுதிகள்), ஆக 4,860 பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். மகளுக்கு இந்த ஆண்டு மூன்று முறை தொண்டைக் காய்ச்சல் வந்தபோது, "நேர்ச்சையை முடிக்காத வீட்டில் இப்படித்தான் வரும்" என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு திருப்பலி (கோயில் பூசை) பெரும்பாலும் தவறுகிறது. போகிற சில நாள்களிலும் எட்டு மாதமாக நற்கருணை (திருப்பலியில் தரப்படும் புனித அப்பம்) வாங்கவில்லை, ஏனென்றால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யவில்லை. கடைசியாகச் செய்தபோது ஒரு குருவானவர் கடிந்து பேசியது மனத்தில் தைத்திருக்கிறது. "நான் கடவுளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன், திரும்பிப் போக நேரமும் இல்லை, தகுதியும் இல்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குருவாகவும், ஆற்றுப்படுத்தும் பணியில் பயிற்சி பெற்றவனாகவும் பல ஆண்டுகளாக இத்தகைய சுமைகளைக் கேட்டுவருகிறேன். கடவுளை விட்டு உண்மையிலேயே விலகிப்போன ஒருவர் இரவு பதினொரு மணிக்கு மேல், படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துப் படுக்கவைத்த பிறகு, கடவுளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத மாட்டார். உங்களை வருத்துகிற காரியங்கள் பல ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சில உங்கள் தவறே அல்ல, சில சிறு தவறுகள், ஒன்றிரண்டு நீங்கள் பொறுப்பேற்க வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருப்பதால்தான் இவ்வளவு கனக்கிறது. அதை இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

நேர்ச்சையும் அந்த நோட்டும்

உங்களை மிக அதிகம் வதைப்பது இதுதான் என்பதால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் மக்களிடம் நேர்ச்சை ஆழமாக ஊன்றிய பக்தி. வேளாங்கண்ணிக்கு நடந்துபோவதும், மெழுகுதிரி ஏற்றுவதும், மொட்டையடிப்பதும் நன்றியின் அடையாளங்களாக இருக்கும்வரை எனக்கு அவற்றில் மகிழ்ச்சியே. ஆனால் வட்டிக்கடைக்காரரிடம் எழுதிக்கொடுத்த புரோநோட்டைப் போல நேர்ச்சையை நினைப்பது திருச்சபையின் போதனை அல்ல.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர்ச்சையைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. எண் 1191-இன்படி நேர்ச்சை என்பது, செய்யக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, நன்றாகச் சிந்தித்து, சுதந்திரமாகக் கடவுளுக்குத் தருகிற வாக்குறுதி. மருத்துவமனை நடைபாதையில், இரண்டு இரவு தூங்காமல், அழுதுகொண்டே சொன்ன வார்த்தையில் அந்தச் சிந்தனை எந்த அளவு இருந்தது என்பதே கேள்விக்குரியது. அது நேர்ச்சையா, நெஞ்சு வெடித்து வந்த வேண்டுதலா என்பதை இப்போது தீர்மானிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஏனென்றால் அது முழுமையான நேர்ச்சையாகவே இருந்தாலும், நிறைவேற்றக் குறித்த காலம் கடந்துவிட்டால் அதன் கடமை முடிவுக்கு வருகிறது என்று எண் 1194 சொல்கிறது. நீங்கள் நேர்ந்தது ஓராண்டுக்கு. அந்த ஓராண்டு முடிந்து இன்னொன்றும் ஓடிவிட்டது. ஆகவே உங்கள் நோட்டில் இருக்கிற 4,860 என்ற எண்ணுக்குப் பின்னால் இன்று எந்தக் கடனும் இல்லை. அன்று சொல்ல முடிந்த நாள்களிலும் அலட்சியத்தால் விட்டிருந்தால், அந்த அலட்சியத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு வரியில் சொல்லலாம். பாக்கியைக் கூட்டிக்கொண்டே போக இடமில்லை.

இவ்வளவு சொல்லியும் மனம் அடங்காவிட்டால், உங்கள் பங்குத்தந்தையிடம் போங்கள். தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தை எண் 1196 அவருக்குத் தந்திருக்கிறது, அதற்காக ஆயர் இல்லம்வரை போக வேண்டியதில்லை. நேர்ச்சை நடப்பில் இருக்கும்போதே, அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக அதை மாற்றிக்கொள்ள நேர்ந்தவருக்கே உரிமை உண்டு என்று அடுத்த எண் சொல்கிறது. பிழைத்து வந்தவரை இரண்டு ஆண்டுகளாகப் புரட்டிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது அந்தச் செபமாலைகளுக்குக் குறைந்த நன்மை என்று சொல்ல எனக்குத் துணிவு வராது.

மகளின் காய்ச்சலைப் பற்றி உறவினர் சொன்னது தவறு, அதை நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டார் (லூக்கா 13). தாய் சொல்லாமல் விட்ட செபமாலைக்காகப் பிள்ளையின் தொண்டையைப் பிடிக்கிற கடவுளை நற்செய்தியில் நான் எங்கும் பார்த்ததில்லை. ஓராண்டில் மூன்று முறை தொண்டைக் காய்ச்சல் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். "இதைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்" என்று கைப்பேசிக்கு வரும் செபங்களை அஞ்சி அஞ்சி அனுப்பிவருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது மூடநம்பிக்கை, அழித்துவிடுங்கள்.

ஞாயிறு திருப்பலி

ஞாயிறு திருப்பலி கடமையா என்றால், ஆம், கடமைதான். அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நோயும், பிறரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய நிலையும் போன்ற தக்க காரணம் இருக்கும்போது அந்தக் கடமை கட்டுப்படுத்தாது என்பதும் அதே திருச்சபையின் போதனைதான். மாமியாரை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் தவறிய ஞாயிறுகள் பாவமே அல்ல. சாவான பாவம் என்று ஒன்றைச் சொல்ல, காரியம் கனமானதாகவும், அதை முழுமையாக அறிந்தும், மனம் ஒப்பியும் செய்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சாவான பாவம் ஆகாது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணவர் வீட்டில் இருந்த சில ஞாயிறுகளில், "கோயிலுக்குள் நுழைந்தாலே குற்றவாளியைப் போல இருக்கிறது" என்று நீங்களாகவே போகாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். எத்தனை என்று துல்லியமாக நினைவில்லை என்றால் "ஏறக்குறைய நான்கைந்து முறை" என்று சொன்னாலே போதும்.

இனிமேல் என்ன செய்யலாம்? சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவு செய்யும், ஆனால் உங்களுக்கு அது கடை நேரம். எனவே ஞாயிறு அதிகாலைத் திருப்பலியே வழி. அந்த ஒரு மணி நேரம் பாட்டியின் பக்கத்தில் உட்கார, பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகனை நீங்கள் இதுவரை கேட்டுப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. கேளுங்கள். அவன் அடுத்த திருப்பலிக்குப் போகலாம். முதியவரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்களின் வேலை என்று சொல்லாமலே நாம் கற்றுக்கொடுத்துவிடுகிறோம், மகனுக்கு அது நல்லதல்ல. கடையிலும், வார விடுப்பு சட்டப்படி உங்களுக்கு உள்ள உரிமை, எனவே மாதத்தில் ஒரு வாரம் அதைச் செவ்வாய்க்குப் பதிலாக ஞாயிறாக மாற்றித் தரும்படி கேட்பதில் தவறில்லை. இவை எதுவும் முடியாத வாரத்தில், குடும்பமாகச் சிறிது நேரம் செபிக்கும்படி சட்டமே வலுவாகப் பரிந்துரைக்கிறது (எண் 1248). அன்றைய நற்செய்தியை மகள் வாசிக்க, பாட்டியின் கட்டிலைச் சுற்றி நின்று கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் பல பங்குகளில் புனித அந்தோனியார் நவநாள் திருப்பலி உண்டு. ஞாயிறுக்கு ஈடாக என்று கணக்குப் பார்க்காமல், பசிக்கு உணவாக அதற்குப் போய்வாருங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். படுக்கையில் இருப்பவருக்கு நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பங்குத்தந்தையைக் கேட்பது யாரிடமும் கூசிக் கேட்கிற சலுகை அல்ல, நோயாளிகளைத் தேடிப்போவது அவருடைய கடமை. நோயில்பூசுதலையும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) கேளுங்கள், அது சாகும் நேரத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறு. மாமியாருக்கு நற்கருணை வரும்போது நீங்களும் வாங்கலாம். அதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து முதியோருக்கும் நோயாளிக்கும் மட்டுமல்ல, அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் விலக்கு உண்டு (எண் 919). கஞ்சி ஊட்டிக்கொண்டே தானும் ஒரு வாய் குடிக்கிற கைகளைத் திருச்சபை நினைத்துப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தருகிற செய்தி.

பாவசங்கீர்த்தனத்துக்குத் திரும்புவது

அன்று ஒரு குரு உங்களைக் கடிந்துகொண்டதற்காக, ஒரு குருவாக நான் வருந்துகிறேன். அவர் களைத்திருந்தாரோ, தவறாகப் புரிந்துகொண்டாரோ, எதுவானாலும் அந்தக் கடிந்த குரல் கடவுளின் குரல் அல்ல. நீங்கள் அவரிடமே திரும்பிப் போக வேண்டியதில்லை. அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும், வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவரிடமும்கூட, பாவசங்கீர்த்தனம் செய்ய உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. உங்கள் நகரத்தில் சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்க வழிபாட்டு முறை) கோயில்களும் இருக்கின்றன. முகம் தெரியாமல் கம்பித் தடுப்புக்குப் பின்னால் முழந்தாளிட்டுச் சொல்லவும் உரிமை உண்டு. நீங்கள் சொன்னதை அவர் எக்காரணம் கொண்டும் யாரிடமும் வெளியிட முடியாது.

நீளமாகத் தயாரிக்க வேண்டாம். "எட்டு மாதம் ஆயிற்று சாமி, பயத்தால் வரவில்லை" என்று தொடங்குங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, பாவமன்னிப்பைப் பெற்று, வெளியே வந்த பின் "சரியாகச் சொன்னேனா" என்று திரும்பத் திரும்பத் தோண்டாதீர்கள். உங்கள் எழுத்தில் அந்தப் பழக்கத்தின் சாயலைப் பார்க்கிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே நோயில் அகப்பட்டுத் தவித்தார். அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார், நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார், ஒரு வாரம் உண்ணாமலும் இருந்து பார்த்தார். ஆன்ம குரு கட்டளையிட்ட பிறகுதான் சாப்பிட்டார். செபத்தின் அளவைக் கூட்டியதால் அவருக்கு அமைதி வரவில்லை. பழைய பாவங்களைத் திரும்ப அறிக்கையிடுவதை நிறுத்திய பிறகே வந்தது. நீங்களும் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

நாளுக்குள் செபம்

செபமாலையில் மூன்றாம் மறையுண்மையிலேயே தூங்கிவிடுகிறேன் என்று வெட்கப்படுகிறீர்கள். பிரெஞ்சுத் துறவியான புனித சிறுமலர் தெரேசாவும் ஏழு ஆண்டுகளாகச் செப நேரங்களில் தூங்கிவிழுந்ததைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே உறங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிரியமானதுதானே என்பது அவருடைய விடை. 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸ் கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸுக்குத் தொடக்கத்தில் அந்த வேலையே பிடிக்கவில்லை. ஆனாலும் சட்டி பானைகளுக்கு நடுவிலேயே கடவுளோடு பேசிப் பழகினார். நீங்கள் சிறுவயதில் கண்ட செபம் பாய் விரித்து உட்கார்ந்து சொல்வது. அது அழகானது, ஆனால் இன்றைய உங்கள் நாளில் அந்தப் பாயை விரிக்க இடமில்லை. இப்போதுள்ள வாழ்க்கைக்கு ஏற்ற செபத்தைத் தேட வேண்டும்.

எழுந்ததும் நெற்றியில் சிலுவை வரைந்து, "ஆண்டவரே, இந்த நாள் உமது" என்று சொல்லுங்கள், அது பத்து நொடி. பேருந்தில் போகும்போது செபமாலையின் ஒரே ஒரு பத்து மணி, விரலில் எண்ணி. கடையில் நாற்பது புடவைகளை விரித்துக் காட்டியும் எதுவும் வாங்காமல் போகிறவர்மேல் சினம் வரும்போது, நற்செய்தி உவமையில் வரும் ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்) சொன்ன "பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்ற ஒரு வரி. இரவு வீடு திரும்பும் வழியில், இன்று எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே தவறினேன் என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, நாளை அவரிடம் விட்டுவிடுங்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். ஒரு வாரம் தவறிப்போனால் மறுநாள் காலையில் மீண்டும் தொடங்குங்கள், விட்டதைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

உடலையும் மனத்தையும் பற்றி

கடிதத்தின் நடுவில், "சில நாள் காலையில் ஏன் கண் விழித்தேன் என்று தோன்றுகிறது, சாப்பாடும் ருசிக்கவில்லை, பிள்ளைகள் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஆன்ம வறட்சி என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். நான் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். செபத்தில் மட்டும் வறட்சி இருந்து மற்ற வாழ்க்கை ஓடினால் அது ஒன்று. உணவு, உறக்கம், பிள்ளைகள் எல்லாமே சுவையிழந்துபோனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும், அதற்கு மருத்துவம் உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் செவ்வாய்வரை காத்திருக்காமல், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், கணவரிடமும் சொல்லுங்கள். மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு அல்ல. எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, வானதூதர் அவருக்குப் போதிக்கவில்லை. தூங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டு மறுபடி கொடுத்தார். அதன் பிறகுதான் மலைக்குப் போகும் பயணம் (1 அரசர்கள் 19). மாமியாருக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி கிடைக்க, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) வாரம் இரண்டு மணி நேரம் வந்து உட்கார ஒருவர் கிடைப்பாரா என்றும் கேளுங்கள். உதவி கேட்பதற்கும் தாழ்ச்சி வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் அரை வரியில் கடந்துபோன ஒன்று. பேச்சு போய்விட்ட மாமியார், நீங்கள் கஞ்சி ஊட்டும்போது முணுமுணுக்கும் "அருள் நிறைந்த மரியே" என்ற செபத்துக்கு மட்டும் உதடுகளை அசைக்கிறார், ஆனால் சொற்கள் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வயதை வைத்துப் பார்த்தால், அவர் சிறுமியாக இருந்தபோது மனப்பாடம் செய்தது பழைய வடிவமாக இருக்கும். இன்று இரவு, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே" என்று பழைய சொற்களில் மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்ற இடத்தில் சற்று நிறுத்தி, மீதியை அவர் உதடுகள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அப்படி ஒரு பத்து மணி மட்டும், அவர் கையைப் பிடித்தபடி. நடந்ததை எனக்கு எழுதுங்கள்.